விளக்கின் உருவமும் வீட்டின் தேவையும்: பயன்பொருள் அழகியல் பற்றி ஒரு நோக்கு

1

உருவத்துக்கும் உள்ளடக்கத்துக்கும் இடையேயுள்ள உறவு, ஈழத்துத் தமிழ்த் திறனாய்வின் மையப் பிரச்சினைகளுள் ஒன்றாக அரை நூற்றாண்டுக்கும் மேலாக இருந்து வந்துள்ளது. பேராசிரியர்கள் க. கைலாசபதி, கா. சிவத்தம்பி ஆகியோர் முன்னெடுத்த விவாதங்களும், கல்முனைக்குடியிற் பிறந்த எம். ஏ. நுஃமான் 1987 இல் வெளியிட்ட 'மார்க்சியமும் இலக்கியத் திறனாய்வும்' என்ற நூலும் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கன. கலைப்படைப்பின் உருவம் வானத்திலிருந்து இறங்குவதன்று. சமூக வாழ்வின் தேவைகளும் முரண்பாடுகளுமே அதனைத் தீர்மானிக்கின்றன என்ற கருத்து இவ்விவாதங்களின் வழியே நம்மிடையே வேரூன்றியது.

ஆயின், இவ்விவாதம் பெரும்பாலும் சொற்கலையின் எல்லைக்குள்ளேயே நின்றுவிட்டது. கவிதையின் உருவத்தை நுணுகி ஆராய்ந்த நாம், அக்கவிதையை எந்த விளக்கின் கீழ் இருந்து வாசித்தோம் என்று கேட்டதில்லை. பாய், கதிரை, அடுப்பு, விளக்கு முதலான பயன்பொருட்கள் நாட்டாரியலுக்கோ நூதனசாலைக்கோ உரியன என ஒதுக்கப்பட்டன. உருவம் பற்றிய வினா மிகக் கூர்மையாக எழும் இடம் பயன்பொருளே என்பது கவனிக்கப்படவில்லை. கவிதையொன்றின் உருவம் பிழைத்தால் வாசகனின் சுவை கெடும். விளக்கொன்றின் உருவம் பிழைத்தால் பிள்ளையின் உடல் வேகும்.

இக்கட்டுரை மேசை விளக்கினை ஆய்வுப் பொருளாகக் கொள்கின்றது. ஒரு புறத்திலே, சிற்பம் போன்ற எளிய வடிவுக்காக உலகெங்கும் போற்றப்படும் ஸ்கண்டிநேவிய விளக்கு. மறுபுறத்திலே, கல்முனை தொடக்கம் பொத்துவில் வரையுள்ள அம்பாறைக் கரையோரத்து வீடுகளில் நீண்டகாலம் எரிந்த குப்பி விளக்கு. இவ்விரண்டுக்கும் நடுவிலே, இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் வடிவமைத்த பாதுகாப்பான போத்தல் விளக்கு. இம்மூன்றையும் ஒரே அளவுகோலால் மதிப்பிடுவது சாத்தியமா என்பதே இங்கு எழுப்பப்படும் வினாவாகும்.

2

ஸ்கண்டிநேவிய வடிவமைப்பு என்றதும் வெண்மையான சுவர், வெளிறிய மரத்தளபாடம், அலங்காரமற்ற விளக்கு என்பனவே இன்று மனக்கண்ணில் எழுகின்றன. இது வடநாட்டு மக்களின் பிறவிக்குணம் என்பதுபோலப் பேசுவதும் வழக்கமாகிவிட்டது. வரலாற்று அடிப்படையில் நோக்குமிடத்து, இவ்வெளிமை ஒரு சமூக இயக்கத்தின் விளைபொருள் என்பது தெளிவாகும்.

சுவீடனைச் சேர்ந்த எல்லன் கேய் என்ற பெண் சிந்தனையாளர் 1899 இல் 'அனைவருக்கும் அழகு' என்ற கருத்தினைத் தலைப்பாகக் கொண்ட நூலை வெளியிட்டார். தொழிலாளர் குடும்பத்தின் வீடும் அழகாக இருத்தல் வேண்டும், அழகு செல்வரின் தனியுடைமை அன்று என்பதே அதன் சாரம். 1919 இல் கிரெகோர் பவுல்சன், அன்றாடப் பொருட்கள் மேலும் அழகாதல் வேண்டும் என்ற கோரிக்கையைக் கலைஞர் முன்னும் தொழிற்சாலைகள் முன்னும் வைத்தார். 1928 இல் பேர் அல்பின் ஹான்சன், நாடு முழுவதையும் ஒரு 'மக்கள் இல்லம்' ஆக உருவகித்துப் பேசினார். 1930 இல் ஸ்ரொக்ஹோம் நகரில் நடைபெற்ற பெருங்கண்காட்சியும், அதனையடுத்து 1931 இல் வெளிவந்த நவீனவாதக் கட்டடக் கலைஞர்களின் பிரகடனமும் இக்கருத்தினை வீடமைப்போடும் உற்பத்தியோடும் பிணைத்தன. தொழிற்சங்கம், கூட்டுறவு, பொது வீடமைப்பு ஆகியவற்றோடு சேர்ந்து வளர்ந்த எளிமை இது. அலங்காரத்தைக் குறைத்தால் விலை குறையும்; விலை குறைந்தால் பலருக்கும் எட்டும் என்ற கணக்கும் அதனுள் அடங்கியிருந்தது.

டென்மார்க்கின் போல் ஹெனிங்சன் (1894 - 1967) இவ்வியக்கத்தின் மிகக் கூர்மையான குரல் எனலாம். கட்டடக் கலைஞராகவும் விளக்கு வடிவமைப்பாளராகவும் அறியப்படும் இவர், 1926 முதல் 1928 வரை வெளிவந்த இடதுசாரிச் சார்புள்ள விமர்சன ஏடொன்றின் ஆசிரியருமாவார். மின்சாரம் வருவதற்கு முன்னர், மண்ணெண்ணெய் விளக்கின் மென்மையான ஒளியிலே இவரது இளமைக்காலம் கழிந்தது. பின்னர் மின்குமிழ் வந்தபோது, வெளிச்சம் பெருகிற்று. ஆயின் கண் கூசிற்று. முகங்களின் மீது கடும் நிழல் விழுந்தது. அளவில் முன்னேறிய ஒளி பண்பிற் பின்னடைந்துவிட்டது என்பதை அவர் கண்டார்.

இப்பிரச்சினைக்கு அவர் கண்ட தீர்வே மூன்று மூடிகள் கொண்ட விளக்கு. 1925 இல் பரிஸ் நகரக் கண்காட்சிக்கு லூயி பௌல்சன் நிறுவனத்தோடு சேர்ந்து விளக்குகளை அளித்த அவர், 1926 அளவில் மூன்று மூடி அமைப்பினை நிறைவு செய்தார். அதன் வளைவுகள் மடக்கைச் சுருள் எனக் கணிதத்திற் கூறப்படும் வளைகோட்டை ஆதாரமாகக் கொண்டவை. மின்குமிழிலிருந்து புறப்படும் கதிர்கள் மூடியின் எப்பகுதியிற் பட்டாலும் ஏறத்தாழ ஒரே கோணத்திலே பட்டுத் தெறிக்கும். இருக்கும் இடத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குக் குமிழ் புலப்படாது. ஒளியின் பெரும்பகுதி மேசைமீது இறங்கும். எஞ்சியது அறையிலே மெல்லப் பரவும். சிற்பம் போலத் தோன்றும் அவ்விளக்கில், கண்ணுக்காகச் செய்யப்படாத வளைவு ஒன்றுகூட இல்லை. அதன் அழகு கணக்கின் விளைவு; அக்கணக்கு மனித விழியை மையமாகக் கொண்டது.

வேர்ணர் பன்ரன் 1971 இல் வடிவமைத்த 'பன்ரெல்லா' மேசை விளக்கு இம்மரபின் இன்னொரு கட்டத்தைக் காட்டுகின்றது. மேலே அரைக்கோளம், கீழே எக்காளத்தின் வாய்போல விரியும் பாதம். இரண்டே உறுப்புகள். முதற்பார்வையில் இது வெறும் வடிவ விளையாட்டாகத் தோன்றலாம். உண்மையில் மேலிருந்து இறங்கும் ஒளியை அப்பாதமும் ஏற்றுத் தெறிக்கின்றது. விளக்கைத் தாங்கும் பகுதியே விளக்கின் வேலையிலும் பங்குகொள்கின்றது. உறுப்புகளைக் குறைத்து, எஞ்சிய உறுப்பு ஒவ்வொன்றுக்கும் இருமடங்கு வேலை கொடுத்தலே இங்கு எளிமை எனப்படுவது.

இவற்றோடு இன்னுமொரு செய்தியையும் சேர்த்து நோக்குதல் வேண்டும. டேனியக் கட்டடக் கலைஞர் யென்சன்-கிளின்ற், 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தாம் வடிவமைத்த மண்ணெண்ணெய் விளக்கொன்றுக்காகத் தாளை மடித்து மூடியொன்று செய்தார். குடும்பத்தினர் வீட்டிலிருந்து மடித்துவந்த அம்மூடியே 1943 இல் 'லே கிளின்ற்' என்ற நிறுவனமாக வளர்ந்தது. ஆகவே, ஸ்கண்டிநேவிய விளக்கின் மூலங்களுள் ஒன்று மண்ணெண்ணெயும் மடித்த தாளுமே. பிற்காலக் கண்ணாடிக் காட்சிப் பெட்டியிலிருந்து பின்னோக்கிப் பார்ப்பவர்கள் இதனை மறந்துவிடுகின்றனர்.

மறதிக்குக் காரணம் உண்டு. 1954 முதல் 1957 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஊர் ஊராகக் கொண்டு செல்லப்பட்ட கண்காட்சியொன்று 'ஸ்கண்டிநேவிய வடிவமைப்பு' என்ற பெயரை ஒரு வணிக முத்திரையாக நிலைநிறுத்திற்று. அனைவருக்குமென எண்ணப்பட்ட விளக்கு வசதியுள்ளோரின் வரவேற்பறைக்குச் சென்றது. ஹெனிங்சனின் பெயர் தாங்கிய மூல விளக்கொன்றின் இன்றைய விலை, இலங்கை ஆசிரியர் ஒருவரின் மாதச் சம்பளத்தை விஞ்சியது. பயன் குறித்து எழுந்த எளிமை, அந்தஸ்துக் குறித்த எளிமையாக மாறிய கதை இதுவே.

3

இவ்விடத்திலே இலங்கைக்கும் ஸ்கண்டிநேவியாவுக்கும் பொதுவான ஒரு மூலத்தைச் சுட்டுதல் பொருத்தமாகும். எல்லன் கேய் முதலியோரின் சிந்தனைக்கு ஊற்றாக இருந்தவர்களுள் ஆங்கிலேயச் சோசலிஸ்டும் கைவினைஞருமான வில்லியம் மொறிஸ் முக்கியமானவர். கொழும்பிலே 1877 இற் பிறந்த ஆனந்த குமாரசுவாமியும் மொறிஸின் வழிவந்தவரே. அவருடைய 'இடைக்காலச் சிங்களக் கலை' என்ற பெருநூல் 1908 இல், மொறிஸ் பயன்படுத்திய கை அச்சியந்திரத்திலேயே அச்சிடப்பட்டது. நுண்கலை, பயன்கலை என்ற பிரிவினையை மறுத்து, தட்டும் பூட்டும் விளக்கும் கலையென்றே கொள்ளத்தக்கன என வாதிட்டவர் அவர்.

ஒரே வேரிலிருந்து இரு கிளைகள் எழுந்தன. வடக்கே அது தொழிற்சாலையோடும் தொழிற்சங்கத்தோடும் கூடி, வருங்காலத்தை நோக்கிற்று. இலங்கையிலே அது காலனித்துவத்தாற் சிதைந்த கைவினை மரபின் மீதான ஏக்கத்தோடு கூடி, கடந்த காலத்தை நோக்கிற்று. குமாரசுவாமியின் கண்டனம் நியாயமானதே. காலனித்துவ ஆட்சி கைவினைஞனின் வாழ்வைக் குலைத்தது உண்மை. ஆயின், அவர் தேடிய மீட்சி கோவிலையும் அரசவையையும் சூழ்ந்த மரபில் நிலைகொண்டிருந்தது. சாதாரண வீட்டின் இரவு அதனுள் இடம்பெறவில்லை. சுதந்திரத்தின் பின்னரும் இப்போக்கே தொடர்ந்தது. 1964 இல் அரசு தொடக்கிய லக்சல நிறுவனம் கைப்பணிகளுக்குச் சந்தை தேடிக் கொடுத்தது. எனினும், அச்சந்தையின் முகம் உல்லாசப் பயணியை நோக்கியே திரும்பியிருந்தது. பித்தளைக் குத்துவிளக்கு பரிசுப் பொருளாயிற்று. வீட்டிலே எரிந்த விளக்கு எவரது கவனத்துக்கும் உரியதாகவில்லை.

4

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நற்பிட்டிமுனை, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என நீளும் கரையோரம், கிழக்கே கடலையும் மேற்கே வயல்வெளியையும் கொண்டது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் நெருக்கமான ஊர்கள் இவை. மருதமுனையின் கைத்தறி நெசவும், பெண்கள் பன்புல்லிலே இழைக்கும் பாயும் இப்பிரதேசத்தின் புகழ்பெற்ற கைப்பணிகள். நிறங்களையும் கோலங்களையும் கையாளுவதில் இக்கைகளுக்குள்ள தேர்ச்சி எந்தப் பாடசாலையிலும் பெற்றதன்று.

இப்பிரதேசத்து வீட்டின் சமூகவியல் நமது பொருளுக்கு மிக முக்கியமானது. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடத்தும் தமிழரிடத்தும் வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படுவது. மகளுக்கு வீடு கட்டுவதற்காக வாப்பாவும் காக்காமாரும் ஆண்டுக்கணக்கில் உழைப்பர். மணமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வான். அக்கரைப்பற்றிலே நீண்டகாலம் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்ரே 2008 இல் வெளியிட்ட நூலில் இவ்வமைப்பினை விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆகவே, இங்கு வீடு என்பது பெண்ணின் உடைமையும் உழைப்புக்களமும் ஆகும். வீட்டு விளக்கு பற்றிய எந்தத் திறனாய்வும் இதனைத் தொடக்கமாகக் கொள்ள வேண்டும். விளக்கை ஏற்றுபவளும், அதற்கு எண்ணெய் வார்ப்பவளும், அதன் அருகே கைக்குழந்தையோடு படுப்பவளும் அவளே.

இரவின் வேலைகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மஃரிபுக்குப் பின் பிள்ளைகள் பாயிலமர்ந்து குர்ஆன் ஓதுவர். பாடசாலைப் பாடம் படிப்பர். நோன்பு மாதத்திலே சஹர் உணவுக்காகப் பெண்கள் விடியுமுன் எழுந்து, உறக்கம் கலையாத கண்களோடு அடுப்பங்கரைக்குச் செல்வர். இவ்வேலைகளுக்கு மின்சாரம் வருவதற்கு முன்னர் துணைநின்றவை மூன்று விளக்குகள்: காற்றுக்கும் அணையாத அரிக்கன் லாம்பு, சிமிலி பொருத்திய மேசை லாம்பு, குப்பி விளக்கு. முதலிரண்டும் விலைகொடுத்து வாங்கவேண்டியவை. மூன்றாவது ஏழைக்கு உரியது.

குப்பி விளக்கின் உருவத்தைச் சற்று நுணுகி நோக்குவோம். கழித்துவிட்ட மருந்துப் போத்தலோ மைப்போத்தலோ அதன் உடல். மூடியிலே துளையிட்டுத் தகரக் குழாய் ஒன்றைச் செருகி, பழந்துணியையோ நூலையோ திரியாக இட்டால் விளக்குத் தயார். அலங்காரம் சிறிதும் இல்லை. உறுப்புகள் மூன்றே. மினிமலிசம் எனப்படும் மிகையின்மைக் கோட்பாட்டின் வரைவிலக்கணம் அனைத்துக்கும் இது பொருந்திவிடுகின்றது. காட்சிக்கூடமொன்றிலே வெண்ணிறப் பீடத்தின் மீது இதனை வைத்தால் வியந்து நிற்போரும் இருப்பர்.

ஆயின் உருவம் என்பது புறத்தோற்றம் மட்டுமன்று. மருந்துப் போத்தல் மருந்தை வைப்பதற்காக உருவானது. நெருப்பைத் தாங்குவதற்காக அன்று. அது உயரமும் ஒடுக்கமும் உடையது. ஈர்ப்பு மையம் மேலே நிற்பது. சிறு தட்டலிலே சாய்வது. சாய்ந்தால் வட்டமான உடல் உருளும், தளர்ந்த மூடி கழலும், மண்ணெண்ணெய் கொட்டும், திரி அதனைப் பற்றவைக்கும். மெல்லிய கண்ணாடியாயின் உடைந்துவிடும். அருகிலே இருப்பன பன்பாயும் சேலையும் கிடுகும். நாட்டின் வைத்தியசாலைகளின் எரிகாயப் பகுதிகளுக்குப் பல ஆண்டுகளாகப் பெண்களையும் பிள்ளைகளையும் அனுப்பிவந்த காரணங்களுள் இவ்விளக்கு முதன்மையானதொன்று. தலைவிதி என்றும் கவனயீனம் என்றும் கூறப்பட்டது, உண்மையில் ஓர் உருவப் பிழையாகும்.

5

இதனை உருவப் பிழையெனக் கண்டவர் ஒரு வைத்தியர் என்பது சிந்தனைக்குரியது. சத்திரசிகிச்சை நிபுணரான விஜய கொடகும்புர, எரிகாயங்களோடு வந்த நோயாளருக்குச் சிகிச்சையளித்த அனுபவத்தின் வழியே, காயத்தை ஆற்றுவதோடு நின்றுவிடாது காயத்தின் காரணத்தை மாற்ற முனைந்தார். 1990 களின் தொடக்கத்திலே அவர் வடிவமைத்த பாதுகாப்பான போத்தல் விளக்கு, 1998 இல் ரோலெக்ஸ் விருதினைப் பெற்றது. அவ்விருது உற்பத்தியை விரிவாக்க உதவிற்று. இவ்விளக்கு பல இலட்சக்கணக்கில் நாட்டின் ஏழைக் குடும்பங்களைச் சென்றடைந்தது.

அதன் வடிவத்துக்குத் தூண்டுதலாக அமைந்தது, நம் வீடுகளுக்கு நன்கு பழக்கமான மார்மைற் போத்தல். குட்டையான உடல், கனத்த கண்ணாடி, அடியிலே பாரம், திருகி இறுக்கும் உலோக மூடி, பக்கங்களில் இரு தட்டையான முகங்கள். இவற்றுள் ஒவ்வொன்றும் முன்னர் நாம் கண்ட பிழைகளுள் ஒன்றுக்கு விடையாகும். குட்டையும் பாரமும் ஆதலின் எளிதிற் சாயாது. சாய்ந்தாலும் தட்டை முகம் உருளவிடாது. உருளாவிடினும் எண்ணெய் கொட்டுமே எனின், திருகுமூடி அதனைத் தடுக்கும். விழுந்தால் உடையுமே எனின், கண்ணாடியின் தடிப்பு அதனைத் தாங்கும். வாதமொன்றின் படிகளைப் போல அமைந்த உருவம் இது. எதிராளியாக நிற்பது விபத்து.

ஹெனிங்சனின் மூடி வளைவுக்கும் கொடகும்புரவின் தட்டை முகத்துக்கும் இடையேயுள்ள உறவு இங்கே புலனாகின்றது. ஒன்று கண்ணைக் காப்பதற்காக வளைந்தது. மற்றது தோலைக் காப்பதற்காகத் தட்டையாயிற்று. இரண்டிலும் மனித உடலின் பாதிப்பே உருவத்தின் ஊற்று. இவ்வகையில் நோக்கும்போது, இலங்கையின் இச்சிறு கண்ணாடி விளக்கு, வடிவமைப்பு வரலாற்று நூல்களிலே டேனிய விளக்குகளுக்கு அருகில் வைத்துப் பேசத்தக்க தகுதி வாய்ந்தது. அது மருத்துவம், சமூகசேவை என்ற தலைப்புகளின் கீழேயே இதுவரை பெரிதும் பேசப்பட்டு வந்துள்ளது. வடக்கில் உள்ளவன் செய்தால் வடிவமைப்பு, நாம் செய்தால் நிவாரணம் என்ற பாகுபாடு கலைக்கோட்பாட்டினாற் பிறந்ததன்று. உலக அதிகார உறவுகளாற் பிறந்தது.

எனினும், போற்றுதல் திறனாய்வாகிவிடாது. கொடகும்புரவின் விளக்கு விழுதலின் பிரச்சினையைத் தீர்த்தது. ஒளியின் பிரச்சினையைத் தீர்க்கவில்லை. அதன் சுடர் மூடப்படாதது, காற்றில் நடுங்குவது, புகையும் கரியும் கக்குவது. அதன் அருகில் குனிந்து படிக்கும் பிள்ளையின் கண்ணும் நெஞ்சும் தொடர்ந்து பாதிப்புக்கு உள்ளாகின்றன. ஹெனிங்சனோ இதற்கு மறுதலையான நிலையில் நின்றவர். கம்பியும் மின்னோட்டமும் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டன என்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட உண்மை. ஆதலால், ஒளியின் பண்பினைப் பற்றி அவர் சிந்திக்க முடிந்தது. ஒவ்வொரு வடிவமைப்பாளனும் தன் சமூகம் எங்கே நிறுத்திவைத்ததோ அங்கிருந்தே தொடங்குகின்றான். தனிமனித மேதைமையை மட்டும் கொண்டு உருவத்தை விளக்க முற்படுவோர் இதனைக் காண்பதில்லை.

6

இங்கு ஓர் ஆட்சேபம் எழக்கூடும். ஏழையின் விளக்கையும் செல்வரின் விளக்கையும் அழகியல் என்ற ஒரே சொல்லால் அளப்பது, வறுமையை அழகாகக் காட்டும் சூழ்ச்சியாகாதா? இது புறக்கணிக்கத்தக்க வினாவன்று. நாட்டாரின் எளிமை என்று கிராமத்து வறுமையைப் புகழ்ந்துபாடும் ஒரு போக்கு நமது இலக்கியத்திலும் இருந்துவருகின்றது.

இவ்வாட்சேபத்துக்கு விடை காண்பதற்கு, எளிமை என்ற ஒரே சொல்லுள் மயங்கிக் கிடக்கும் இரு நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும். எல்லாம் இருக்கையில் வேண்டாதவற்றை விலக்கிப் பெறும் எளிமை ஒன்று. வேண்டியதும் கிட்டாமையால் நேரும் இன்மை மற்றொன்று. பன்ரெல்லா முதலாவதற்கும் குப்பி விளக்கு இரண்டாவதற்கும் எடுத்துக்காட்டு. இரண்டும் கண்ணுக்கு ஒத்துத் தோன்றலாம். முன்னதிலே ஒருவர் தெரிவு செய்தார். பின்னதிலே தெரிவு என்பதே இருக்கவில்லை. கொடகும்புரவின் விளக்கு இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது நிலையைக் காட்டுவதாலேயே முக்கியத்துவம் பெறுகின்றது. இன்மையின் எல்லைக்குள் நின்றுகொண்டே அது தெரிவினை உருவாக்கிற்று. அதே மண்ணெண்ணெய், அதே திரி, அதே கண்ணாடி. ஆயின் ஒவ்வொரு கோடும் எண்ணி வரையப்பட்டது. வறுமையை அழகாக்குதல் வேறு; வறியவரின் பொருளை அழகியலின் முழுக் கண்டிப்போடும் ஆராய்தல் வேறு. முன்னது இழிவு, பின்னது கடமை.

உருவம் பொருளோடு முடிந்துவிடுவதுமில்லை. அது யார் கையைச் சேர்கின்றது என்பதும் உருவத்தின் நிறைவில் அடங்கும். இதற்கு இக்கரையோரமே ஒரு கசப்பான சான்றைத் தந்துள்ளது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையிலே இலங்கையின் மாவட்டங்களுள் மிகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை. கடலோர வீடுகள் அழிந்தன. பின்னர், அக்கரைப்பற்றுக்கு அண்மையிலுள்ள நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியுடன் 500 வீடுகள் கட்டப்பட்டன. அவ்வீடுகள் யாருக்கு என்ற பிணக்கு நீதிமன்றம் சென்றது. கட்டிமுடிக்கப்பட்ட வீடுகள் பகிர்ந்தளிக்கப்படாமலே நீண்டகாலம் பாழடைந்து கிடந்தன. சுவரும் கூரையும் சாளரமும் உள்ள வீடுகளில் விளக்கு எரியவில்லை. மீள்குடியேற்றத்தின்போது குடும்பத் தலைவர் என ஆணின் பெயரிலே உறுதிகள் எழுதப்பட்டமையால், சீதனமாக வீட்டைக் கொண்டிருந்த பெண்கள் சிலர் தம் உரிமையை இழக்கும் நிலையும் ஏற்பட்டது. வீட்டின் வரைபடத்தை வரைந்தவர் வீட்டுக்குரியவளின் பெயரை அறியாதிருந்தால், அவ்வரைபடம் எவ்வளவு செம்மையாயினும் குறைபட்டதே.

7

மண்ணெண்ணெய் விளக்கின் காலம் முடிந்துவிட்டது, இனி இவ்வாராய்ச்சி எதற்கு எனக் கேட்போரும் உளர். கல்லோயாத் திட்டத்தின் இங்கினியாகலை அணைக்கட்டிலே நீர்மின் நிலையம் அமைந்த பின்னரும், அந்நீரிற் பயிர் செய்த கரையோரத்து வறிய வீடுகள் பல தசாப்தங்கள் குப்பி விளக்கோடு கழித்தன. 2010 களிலேதான் நாட்டின் வீடுகளில் மிகப் பெரும்பான்மையானவை மின் இணைப்பைப் பெற்றன. ஆயின், வரலாறு நேர்கோட்டிற் செல்வதில்லை. 2022 இன் பொருளாதார நெருக்கடியிலே, மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்களை எட்டிற்று. அதே ஆண்டு ஆகஸ்ற் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. மின்கட்டணமும் அம்மாதம் சராசரி 75 சதவீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதத்தாலும் உயர்த்தப்பட்டது. கட்டணம் செலுத்த முடியாது இணைப்புத் துண்டிக்கப்பட்ட வீடுகள் நாடெங்கும் பெருகின. அலுமாரியின் மூலையிற் கிடந்த விளக்குகள் மீண்டும் மேசைக்கு வந்தன. அவசரத்திற் செய்யப்பட்ட புதிய குப்பி விளக்குகளும் வந்தன. பழைய உருவப் பிழையும் உடன் வந்தது.

மின்சாரமுள்ள வீட்டிலே வேறொரு பிரச்சினை எழுந்துள்ளது. இன்றைய எல்.ஈ.டி குமிழ் சிறு மின்செலவிலே பெருவெளிச்சம் தருவது, மலிவானது, இது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. எனினும் அது பெரும்பாலான வீடுகளில் மண்டபத்தின் நடுவே மூடியின்றித் தொங்குகின்றது. நீலம் பாய்ந்த அவ்வெள்ளொளி கண்ணிலே நேரே பாய்கின்றது. படிக்கும் பிள்ளையின் புத்தகத்தின் மீது அவனுடைய தலையின் நிழலே விழுகின்றது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் ஹெனிங்சன் எதிர்கொண்ட அதே நிலைமை இது. குமிழ் உற்பத்தியாளர் குமிழின் அளவையும் வடிவையும் தம் விருப்பப்படி மாற்றியபோது, எந்தக் குமிழுக்கும் பொருந்தும்படி 1958 இல் அவர் புதிய விளக்கொன்றை அமைத்தார். சந்தை எதைத் திணித்தாலும் கண்ணின் தேவை மாறாது என்பதே அவ்விளக்கின் வாதம்.

அவ்வாதத்தை ஏற்பதற்கு அவருடைய விலையுயர்ந்த விளக்கை வாங்கவேண்டியதில்லை. வெப்பம் குறைந்த எல்.ஈ.டி குமிழ், சுடருக்கு அருகில் வைக்கமுடியாத பொருட்களையெல்லாம் மூடியாக்க இடந்தருகின்றது. யென்சன்-கிளின்றின் வீட்டிலே தாள் செய்த வேலையை நிந்தவூரிலோ ஒலுவிலிலோ பன் செய்யக்கூடும். மருதமுனைத் தறித்துணி செய்யக்கூடும். பாயின் இழைப்பிலே ஒளியை மறைக்கவும் கசியவிடவும் வல்ல நெருக்கமும் தளர்வும் ஏற்கெனவே உண்டு. ஆயின் ஓர் எச்சரிக்கை அவசியம். இவ்வாறு செய்யப்படும் மூடி அறுகம்பை விடுதிகளின் சுவரலங்காரமாகி, 'இனக்குழு அழகு' என்ற சீட்டு ஒட்டப்பட்டுக் கொழும்புக் கடைகளுக்குச் செல்லுமாயின், லக்சல வழிப்பட்ட பழைய கதையே மீண்டும் நடந்தேறும். பாய் இழைக்கும் பெண்ணின் சொந்த வீட்டிலே, அவளது பிள்ளையின் புத்தகத்தின் மீது அவ்வொளி முதலில் விழவேண்டும். கூலி எவ்வளவு, விலையை நிர்ணயிப்பவர் யார் என்ற வினாக்களும் வடிவமைப்பின் வினாக்களே.

8

இதுவரை கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். முதலாவதாக, பயன்பொருளின் உருவம், அதனைப் பயன்படுத்தும் உடலிலிருந்தும் அவ்வுடல் உழைக்கும் சூழலிலிருந்தும் மதிப்பிடப்படல் வேண்டும். இரண்டாவதாக, எளிமை தன்னளவிலே ஒரு பெறுமானமன்று; அது தெரிவின் விளைவா இன்மையின் விளைவா என்று கேட்டபின்பே அதனைப் பாராட்ட முடியும். மூன்றாவதாக, ஸ்கண்டிநேவிய வடிவமைப்பிலிருந்து நாம் கற்கவேண்டியது அதன் தோற்றத்தையன்று. அழகினைப் பொதுவுடைமையாக்க முயன்ற அதன் தொடக்ககால நோக்கினையும், அந்நோக்கு சந்தையிற் சிதைந்த வரலாற்றினையுமே.

பல்கலைக்கழகங்கள் செய்யவேண்டிய பணியும் ஒன்றுண்டு. ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் ஏனைய தமிழ்த் துறைகளும், இக்கரையோரத்து வீட்டுப் பொருட்களை அவற்றின் பெயர்களோடும் செய்முறையோடும், அவற்றைப் பயன்படுத்திய பெண்களின் வாய்மொழியோடும் பதிவுசெய்தல் காலத்தின் தேவையாகும். போரிலும் பேரலையிலும் பல பொருட்கள் அழிந்தன. எஞ்சியவை மறதியில் அழிந்துகொண்டிருக்கின்றன. அப்பதிவில் அரிக்கன் லாம்புக்கும் குப்பி விளக்குக்கும் இடமிருக்க வேண்டும். குப்பி விளக்கால் எரிகாயமுற்றவர்களின் சாட்சியத்துக்கும் அதே ஏட்டில் இடமிருக்க வேண்டும். சாட்சியத்தை விலக்கிப் பொருளை மட்டும் கண்ணாடிப் பேழையுள் வைப்போமாயின், நாமும் அவ்விளக்கை அலங்காரமாக்கியவர்களாவோம்.